ஜி41 போர்டு, கோர் 2 டுவோ கம்ப்யூட்டர்: மோட்டார் போட்டால் அணைகிறது, தொட்டால் சுருக்கென்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பாமணிக்கரை:

வணக்கம். வீடு மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டு டெஸ்க்டாப் பற்றிக் கேட்க வேண்டும். இன்டெல் கோர் 2 டுவோ ஈ7500, ஜி41 சிப்செட் போர்டு, டிடிஆர்3 ரேம் 2 ஜிபி (ஒன்றுதான், இன்னொரு ஸ்லாட் காலி), 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), 600 விஏ யூபிஎஸ், விண்டோஸ் 7 32 பிட்.

ஆன் செய்தால் திரை வர ஆறேழு நிமிடம். தண்ணீர் மோட்டார் போட்டால் யூபிஎஸ் இருந்தும் பாதி நேரம் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தேதி 2009க்குப் போய்விடுகிறது, உடனே பாதி வெப்சைட் திறக்க மாட்டேன் என்கிறது. வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. கடையில் காட்டியதில் "போர்டு போச்சு, புதுசா வாங்கிடுங்க" என்றார்கள்.

தேவை பெரிதாக ஒன்றுமில்லை. மனு, கடிதம் டைப் செய்வது, பிள்ளைக்கு யூடியூப் பாடம், ரயில் டிக்கெட். 5,000 ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும் கையில் இருக்கின்றன. எதை முதலில் மாற்றுவது?

வெண்ணாறு:

எதையும் மாற்றாதீர்கள். முதலில் அந்தச் சுருக்கைப் பாருங்கள். நீங்கள் சொன்ன நாலு தொல்லையில் கம்ப்யூட்டருக்கு வெளியே இருப்பது ரெண்டு.

எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு ஆளுக்கொரு சின்ன கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். மின் இரைச்சலை எர்த்தில் இறக்கிவிடத்தான் அது. எர்த் இல்லாவிட்டால் பெட்டி ரெண்டுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230இல் பாதி, சுமார் 115 வோல்ட். கரண்ட் மிகச் சிறியது, அதனால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அதே பெட்டியில் பிரிண்டர், மானிட்டர் கேபிளைச் செருகும்போது அந்த வோல்ட் போர்ட் வழியாகத்தான் போகும். யூஎஸ்பி போர்ட் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனை: மீட்டரை ஏசி 750 அல்லது 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாருங்கள். மேலே பெரிய ஓட்டை எர்த், நேராகப் பார்க்கும்போது வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ரெண்டு மூணு வோல்ட்டுக்குள் வந்தால் சரி. பத்து, இருபது வந்தால் எர்த் பலவீனம். ஐம்பதுக்கு மேல் காட்டினால் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஃபேஸ்-எர்த் அளவும் ஃபேஸ்-நியூட்ரல் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் களிமண் ஈரத்தில் அருமையான எர்த். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மண், புதைத்த எர்த் ராடை விட்டு விலகிவிடும். கோடையில் எர்த் குழியில் வாரம் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது சும்மா சொன்ன பேச்சில்லை. மேலே கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயரால் லூப் போட்டு "எர்த் வந்துடுச்சு" என்பார்கள். மீட்டரும் பூஜ்யம் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். அப்படி லூப் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை வைத்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து மோட்டார். கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கமாக எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சரியும். யூபிஎஸ் அதைக் கண்டதும் பேட்டரிக்குத் தாவும். பேட்டரி செத்திருந்தால் அங்கேயே அணைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், யூபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகியிருந்தால் அந்தச் சின்னச் சரிவை எஸ்எம்பிஎஸ் தானே தாங்கியிருக்கும். செத்த பேட்டரியுள்ள யூபிஎஸ், இல்லாததைவிட மோசம்.

யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு ஒரு 60 வாட் குண்டு பல்பு மட்டும் போட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பத்து நிமிடமாவது எரிய வேண்டும். சில நொடியில் அணைந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை மாற்றுங்கள். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மாற்றிப் போட்டால் ஃபியூஸ் போகும். யூபிஎஸ்ஸைச் சன்னலோர வெயிலில் வைக்காதீர்கள். சூடு பத்து டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பேட்டரி மாற்றியும் அணைந்தால்தான் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட வேண்டும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்துத் தனியாக ஓட்டிப் பார்த்து "12 வருது, நல்லாருக்கு" என்பது ஏமாற்றும். சுமை இல்லாதபோது கெட்டதும் நல்லதாகவே காட்டும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது காலியாகத் தொங்கும் நாலு பின் கனெக்டரில் பாருங்கள்: மஞ்சள்-கறுப்பு 11.4 முதல் 12.6, சிவப்பு-கறுப்பு 4.75 முதல் 5.25. மீட்டர் முனை பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலேகூட நிற்கலாம்.

450 வாட் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் அந்த வரிசையில் கிடைப்பது 168 வாட். உங்கள் ஈ7500க்கு 65 வாட்தான் கணக்கு, எனவே அளவு போதும். தரம்தான் கேள்வி.

குடமுருட்டி:

வெண்ணாறு அண்ணன் வெளியே இருப்பதைச் சொல்லிவிட்டார், நான் உள்ளே வருகிறேன்.

தேதி 2009க்குப் போவது போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்ததால். சிஆர்2032, 3 வோல்ட். மீட்டரில் 2.7க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். தேதி தவறினால் வெப்சைட்டின் சான்றிதழ் "இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று பிரவுசர் நினைக்கும். அதனால்தான் திறக்க மறுக்கிறது, நெட்டில் குறை இல்லை. செல்லை மாற்றியதும் பயாஸுக்குள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் அமைப்பு) போய்த் தேதியையும் பூட் வரிசையையும் ஒருமுறை சரிசெய்து சேமிக்க வேண்டும்.

ஆறு நிமிடம் எடுப்பதற்கு டிஸ்க்தான் முதல் சந்தேகம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற டிஸ்க் சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு நாலு வரிகளை மட்டும் பாருங்கள். 05 மாற்றி வைக்கப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு), சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 கைவிட்டவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நல்லது, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டது. அந்தச் சாஃப்ட்வேர் எண்களைப் பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) முறையில் காட்டும், 30 என்றிருந்தால் 48 என்று படிக்க வேண்டும். பலர் இதில் தவறுகிறார்கள்.

சி5 ஏறியிருந்தால் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் உருட்டி, எடுக்க முடிந்ததையும் எடுக்க முடியாமல் ஆக்கிவிடும். முதலில் முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். காப்பி பாதியில் நின்றால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ ஓட்டலாம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும்.

புதிதாகப் போடுவது 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), 2.5 அங்குலம். ஜி41 போர்டுகள் பெரும்பாலானவற்றில் ஐசிஎச்7 சிப், சாட்டா 2 வேகம், நடைமுறையில் நொடிக்கு 250 எம்பி சுற்றி. ஏஎச்சிஐ என்ற புதிய டிஸ்க் முறை கிடையாது, பயாஸில் தேடி அலையாதீர்கள், பழைய ஐடிஇ முறையிலேயே ஓடும். "முழு வேகம் கிடைக்காதே" என்று தயங்கவும் வேண்டாம். பழைய டிஸ்க் திணறுவது பெரிய ஃபைலில் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும்போதுதான், அதில் எஸ்எஸ்டி பல மடங்கு முன்னால். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டியை அடாப்டரில் செருகலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், இந்த பயாஸ் அதிலிருந்து பூட் ஆகாது.

ரேமில்தான் ஜி41 பலரை ஏமாற்றும். ரெண்டு ஸ்லாட், அதிகபட்சம் 8 ஜிபி என்று மேனுவலில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிப்பும் 2 ஜிகாபிட்டுக்குள் இருந்தால்தான் இந்தச் சிப்செட் படிக்கும். அதாவது 4 ஜிபி ரேம் என்றால் ரெண்டு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். பின்னால் வந்த எட்டு சிப் 4 ஜிபி ரேமைப் போட்டால் பீப் அடிக்கும், அல்லது திரையே வராது. கடையில் "ரேம் நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டு போச்சு" என்பார்கள். ரெண்டும் நல்லதாகவே இருக்கும். ஏஎம்டிக்கு மட்டும் என்று மலிவாக வரும் ரேமும் வேண்டாம்.

சுலபமான வழி: இப்போது இருப்பதைப்போல இன்னொரு 2 ஜிபி, பழையதாக. 4 ஜிபி ஆகிவிடும். போடும்முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிளக் சொருகியிருந்தால் அணைத்த பிறகும் போர்டில் 5 வோல்ட் நிற்கும். தங்க நிறப் பற்களை வெள்ளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் மூணேகால் சொச்சம்தான் தெரியும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்பு அப்டேட் முடிந்தது. குரோம் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஆசை வேண்டாம், 24எச்2 பதிப்புக்குத் தேவையான பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளையே கோர் 2 வரிசையில் கிடையாது, ஏமாற்றி ஏற்றினாலும் பூட் ஆகாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடலாம், 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். பென்டிரைவ் தயாரிக்கும்போது எம்பிஆர், பயாஸ் என்று தேர்ந்தெடுங்கள், இந்தப் போர்டுக்கு பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை தெரியாது. பயாஸிலும் பென்டிரைவ் தனியாகத் தெரியாமல் ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும்.

யூடியூபுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கிராபிக்ஸ், யூடியூப் அனுப்பும் விபி9 வகை வீடியோவைத் தானே விரிக்காது, முழுப் பாரமும் பிராசஸர் மேல் விழும். பழைய எச்264 வகை வீடியோவையே கேட்டு வாங்கும் எச்264இஃபை என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு 480இல் வையுங்கள், பாடம் தடங்காமல் ஓடும்.

அரசலாறு:

மாற்றுக் கருத்து ஒன்று. இந்த பெட்டியில் போடும் பணத்தில் எது அடுத்த பெட்டிக்கும் வரும் என்று பார்த்துப் போடுங்கள். எர்த், யூபிஎஸ் பேட்டரி, எஸ்எஸ்டி மூன்றும் வரும். டிடிஆர்3 ரேம் வராது, அதனால் பழைய 2 ஜிபி ஒன்றோடு நிறுத்துங்கள். குவாட் கோர் பிராசஸர் தேடாதீர்கள். அவற்றில் பல 95 வாட், சின்ன ஜி41 போர்டின் மின்சாரப் பகுதி கோடையில் அதைத் தாங்குவது சந்தேகம். சிப்செட் வேறு பழையதாகவே இருக்கும்.

நாளைக்கு இதுவும் போதவில்லை என்றால், ஆபீஸ்களில் கழித்துவிடும் சின்ன டெஸ்க்டாப் வாங்கலாம். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 முறையாக ஏறுவது அங்கிருந்துதான். "ஐ5" என்று மட்டும் சொல்லி 3ஆம் தலைமுறையைத் தள்ளிவிடுவார்கள். மாடல் எண்ணில் கோட்டுக்குப் பிறகு 8 என்று தொடங்கும் நாலு இலக்கம் வேண்டும்.

பாமணிக்கரை:

மூவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். நியூட்ரல்-எர்த் 92 வோல்ட். பல்பு நாலு நொடியில் அணைந்தது. பட்டன் செல் 2.1. ஓடும்போது 12 வோல்ட் 11.9, 5 வோல்ட் 5.04. டிஸ்க்கில் 05 பூஜ்யம், சி5இல் கடைசியில் 30, சி7 பூஜ்யம். மதர்போர்டில் பிராசஸர் பக்கம் ஒரு கெபாசிட்டரின் தலை லேசாக உப்பியிருக்கிறது போல் தெரிகிறது. அப்படியானால் போர்டு போச்சு என்பது சரியா?

வெண்ணாறு:

எஸ்எம்பிஎஸ் தப்பித்தது, பணம் மிச்சம். 92 என்றால் எர்த் வயர் அறுந்தே கிடக்கிறது, சாக்கெட்டிலிருந்து குழிவரை தேடுங்கள்.

கெபாசிட்டர் ஒன்று உப்பியதால் போர்டு போகாது. உடம்பில் அச்சடித்திருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், 6.3 வோல்ட் இத்தனை மைக்ரோஃபேரட் என்று இருக்கும். மைக்ரோஃபேரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் எதிர்ப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்க வேண்டும். ரேடியோ கடையில் டப்பாவிலிருந்து எடுத்துத் தரும் சாதா 85 டிகிரியைப் போட்டால் சீக்கிரமே மறுபடி உப்பும். அகலக் கோடு போட்ட பக்கம் மைனஸ். பல அடுக்கு போர்டில் தரைப் பக்கத்து ஈயம் லேசில் உருகாது, 25 வாட் இரும்பால் இழுத்தால் தாமிரத் தடமே கையோடு வரும். மொபைல், டிவி போர்டு வேலை செய்பவரிடம் கொடுங்கள். மற்றவை தட்டையாக இருந்தால் இப்போதைக்கு விட்டுவைத்து மாதம் ஒருமுறை பார்த்தாலும் போதும்.

குடமுருட்டி:

30 என்றால் 48 செக்டர். இன்றைக்கே காப்பி எடுங்கள், அதுவரை வேறு வேலைக்கு ஆன் செய்ய வேண்டாம். எஸ்எஸ்டிக்கு குளோன் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது) செய்யாமல் புதிதாக ஏற்றுங்கள், கெட்ட செக்டரில் குளோன் தடுக்கி நிற்கும். பிரிண்டர் எது என்று சொல்லவில்லையே? கேனான் எல்பிபி 2900 மாதிரி கேப்ட் என்ற கேனானின் தனி முறையில் ஓடும் பழைய லேசர் என்றால் லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மின்ட்டை லைவாக ஓட்டி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள்.

நாகை_கொண்டல்:

பராமரிப்பை யாரும் தொடவில்லை. நம் பக்கம் வருடத்தில் ரெண்டு முறை திறந்தால் போதும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வைக்கோல் தூசி அடங்கிய மாசியில் ஒன்று, ஐப்பசி அடைமழைக்கு முன் ஒன்று. வைக்கோல் தூசி சாதாரணத் தூசி மாதிரி உதிராது, ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழன்றால் பேரிங் கெடும்.

ஈ7500இன் ஒரிஜினல் கூலரில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் முளை. அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடும். காய்ந்த பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிது வையுங்கள், போதும். திரும்ப மாட்டும்முன் நாலு முளையையும் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் சாய்ந்து நிற்கும், வெயில் காலத்தில் தானே அணையும். போர்டின் பின்பக்கம் நாலு கறுப்பு முனையும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வேலை கொடுக்கும்போது கோர் சூடு 80ஐத் தாண்டினால் திரும்ப மாட்டுங்கள்.

ஃபேன் இரைந்தால் ஸ்டிக்கரைத் தூக்கித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும்.

அடைமழை மாதங்களில் கம்ப்யூட்டரைச் சும்மா போட்டு வைப்பதுதான் கெடுதல். தினம் அரைமணி ஓட்டினால் உள்சூட்டில் ஈரம் ஏறாது. தரையில் வைக்காதீர்கள், ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். பின்னால் காலியாகத் திறந்திருக்கும் கார்டு இடுக்குகளைத் தகடு வைத்து மூடுங்கள், பல்லி நுழைந்து எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் இரண்டும் போகும்.

இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். லேன் கேபிளையும் சேர்த்து. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது என்று இருந்துவிடுகிறார்கள். மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் போர்டுக்குள் இறங்கும்.

பாமணிக்கரை:

காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் இப்போது இல்லை. இன்னொரு சந்தேகம், பத்து வருட மனுக்களும் கணக்குகளும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸில் திறக்குமா?

அரசலாறு:

ஃபார்மட் செய்யும்முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும், வேறு பழைய தமிழ் எழுத்துரு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மை டாக்குமெண்ட்ஸை மட்டும் காப்பி செய்துவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம். பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தது. எழுத்துரு இல்லாவிட்டால் ஃபைல் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்.

மின்ட்டில் அந்த எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஆபீஸில் அப்படியே திறக்கும், அச்சும் வரும். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்று விசைப்பலகையும் கிடைக்கும். பாமினியில் பழகிய கைக்குத் தட்டச்சு முறைதான் சீக்கிரம் வசப்படும். பழைய ஃபைல்களை மொத்தமாக மாற்ற வேண்டாம், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக மாற்றி மூலத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றிகள் கொக்கி எழுத்துகளிலும், ஒரே ஃபைலில் ஆங்கிலமும் கலந்திருக்கும் இடங்களிலும் தடுமாறும். பட்டா எண், சர்வே எண் பக்கத்தில் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும், அந்த வரிகளை மட்டும் கையால் டைப் செய்துவிடுங்கள்.